டிஎம்டி நார்மல், எல்.டி.எல் 148, அப்பாவுக்கு 51-ல பைபாஸ். மாத்திரை ஆரம்பிக்கணுமா?

கார்த்தி_மாரத்தஹள்ளி
எல்லாருக்கும் வணக்கம், பெங்களூர்ல இருக்கற நம்ம ஆளுங்ககிட்ட ஒரு யோசனை கேக்கலாம்னு வந்தேன். வயசு 39, ஐடி வேலை, அவுட்டர் ரிங் ரோட்ல ஆபீஸ். கம்பெனி வருஷா வருஷம் பண்ற மாஸ்டர் செக்கப் போன வாரம் முடிஞ்சுது. எல்.டி.எல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 148, எச்.டி.எல் (நல்ல கொலஸ்ட்ரால்) 36, ட்ரைகிளிசரைட் 210, பாஸ்டிங் சுகர் 108, பிபி 134/86, இடுப்பு 96 செ.மீ. ஈசிஜி, எக்கோ, டிஎம்டி (டிரெட்மில்ல ஓட விட்டு எடுக்கற ஈசிஜி) மூணும் நார்மல். அங்க இருந்த டாக்டர் ரிப்போர்ட்டை ஒரு புரட்டு புரட்டிட்டு "ஹார்ட் சூப்பரா இருக்கு, எண்ணெய் குறைங்க, வாக்கிங் போங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த ஆளைக் கூப்ட்டுட்டார். எங்க அப்பாவுக்கு 51 வயசுல பைபாஸ் ஆச்சு, அதை யாரும் கேக்கவே இல்ல, அவங்க குடுத்த பாரத்துல அதுக்கு ஒரு கட்டம் கூட இல்ல. வீட்டுப் பக்கத்துல இருக்கற டாக்டர்கிட்ட காட்டினா அவர் ஸ்டாடின் (கொலஸ்ட்ரால் குறைக்கற மாத்திரை) ஆரம்பின்னு சொல்றார். ஒய்ஃப் என்னடான்னா 39 வயசுல ஆரம்பிச்சா ஆயுசு பூரா விட முடியாது, அதெல்லாம் வேணாம்னு ஒரே பிடிவாதம். டிஎம்டி நார்மலா இருக்கும்போது மாத்திரை எதுக்குன்னு எனக்கும் தோணுது. என்ன பண்ணலாம்?

சில்க்போர்டு_சிவா
டெய்லி அந்த ரோட் டிராபிக்ல போயிட்டு வந்தும் பிபி 134 தானா? மச்சி, ஆராய்ச்சி பண்ண வேண்டியது உன்னைத்தான்.

அல்சூர்_அண்ணாச்சி
தம்பி, பயப்படாதீங்க. நான் ஐடிஐ பேக்டரில வேலை பாத்து ரிட்டையர்டு ஆனவன், வயசு 71, தினம் காலைல அல்சூர் ஏரியை சுத்தறேன், எல்லாம் சாப்பிடறேன், ஒரு மாத்திரை கிடையாது. உங்க தலைமுறைக்கு உக்காந்தே வேலை, அதுதான் பிரச்சனை. எங்க காலத்துல ஷிப்டு முடிஞ்சு பஸ்ல நின்னுக்கிட்டே வந்து வீட்ல தண்ணி இறைச்சு ஊத்துவோம். நடங்க, எல்லாம் சரியாயிடும்.

லேப்கோட்_லதா
அண்ணாச்சி சொல்ற விஷயத்துக்கு பழைய ஆதாரமே இருக்கு. லண்டன்ல ஜெரமி மோரிஸ்னு ஒரு டாக்டர், 1953-ல அவர் வெளியிட்ட ஆராய்ச்சி, டபுள் டெக்கர் பஸ்ல டிரைவரையும் கண்டக்டரையும் ஒப்பிட்டுப் பாத்தார். ஒரே பஸ், ஒரே கம்பெனி, டிரைவர் நாள் பூரா உக்காந்திருக்கார், கண்டக்டர் படி ஏறி இறங்கிட்டே இருக்கார், கண்டக்டர்களுக்கு மாரடைப்பு கம்மி. உடற்பயிற்சிக்கும் இதயத்துக்கும் தொடர்பு இருக்குன்னு உலகம் சீரியஸா எடுத்துக்கிட்டதே அதுக்கப்புறம்தான். ஆனா அண்ணாச்சி, உங்களுக்கு நல்லா இருக்குங்கறதால கார்த்திக்கும் நடந்தா போதும்னு ஆகாது. உங்க கூட ஷிப்ட் பாத்தவங்கள்ல 71-ஐ பாக்காம போனவங்க இங்க வந்து எழுத மாட்டாங்க இல்லையா.

கார்த்தி, நான் டாக்டர் இல்ல, மருந்து ஆராய்ச்சிகளோட டேட்டா பாக்கற வேலைல இருக்கேன், அதனால படிச்சதை சொல்றேன், முடிவை டாக்டர்கிட்ட எடுங்க. முதல்ல அந்த டிஎம்டி சமாச்சாரம். டிஎம்டி கண்டுபிடிக்கறது ரத்த ஓட்டத்தை தடுக்கற அளவுக்கு இருக்கற அடைப்பை, அதாவது தோராயமா 70 சதவீதமோ அதுக்கு மேலயோ இருக்கறதை. அதுலயும் சிலது தப்பிச்சுடும். ஆனா நிறைய மாரடைப்பு வர்றது 30, 40 சதவீதம் அடைப்பு இருக்கற இடத்துலதான். ரத்தக் குழாய்ல படிஞ்ச அந்த கொழுப்புத் திட்டு மேல இருக்கற தோல் மெல்லிசா இருந்தா முகப்பரு உடையற மாதிரி திடீர்னு உடையும், உடைஞ்ச இடத்துல ரத்தம் உறையும், சில நிமிஷத்துல குழாய் மூடிடும். முந்தின நாள் டிரெட்மில்ல ஓடினவனுக்கு மறுநாள் அட்டாக் வந்துச்சுன்னு கேள்விப்படறோமே, அது இப்படித்தான். டிஎம்டி நார்மல்னா "இன்னைக்கு ஓட்டம் நல்லா இருக்கு"ன்னு அர்த்தம், அவ்ளோதான், அடுத்த பத்து வருஷத்துக்கு அது கேரண்டி குடுக்கல. அந்த பத்து வருஷத்தைப் பத்தி சொல்றது உங்க அப்பாவோட 51, உங்க இடுப்பு, எச்.டி.எல், சுகர் எல்லாம் சேந்துதான். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55-க்கு முன்னாடி, அம்மாவுக்கோ அக்கா தங்கச்சிக்கோ 65-க்கு முன்னாடி வந்திருந்தா அது கணக்குல எடுத்தே ஆகணும். பாரத்துல கட்டம் இல்லன்னு சொன்னீங்க பாருங்க, எனக்கு கோவம் வந்ததே அங்கதான்.

நெய்தோசை_பிரியன்
ஆரம்பிச்சிட்டாங்கய்யா, கொலஸ்ட்ரால் பூச்சாண்டி. நம்ம பாட்டன் பூட்டன் எல்லாம் நெய் சாப்பிட்டு நல்லாத்தான் இருந்தாங்க. 1967-லயே ரயில்வே டாக்டர் மல்ஹோத்ரா ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்கார், வடக்க ரயில்வே ஆளுங்க நெய்யும் பாலும் வெளுத்து வாங்கறாங்க, தெக்க நம்ம பக்கம் செடி எண்ணெய் சாப்பிடறாங்க, ஆனா மாரடைப்பு சாவு தெக்க 7 மடங்கு ஜாஸ்தி. இதுக்கு என்ன சொல்றீங்க? ஸ்டாடின் கம்பெனிக்காரன் இதையெல்லாம் சொல்ல மாட்டான்.

லேப்கோட்_லதா
அந்தக் கட்டுரை நிஜம்தான், இந்தியாவுல அந்தக் காலத்துல அவ்ளோ பெரிய வேலையை ஒருத்தர் பண்ணினதே பெரிய விஷயம். ஆனா அது ரெண்டு ஊர் ஆளுங்களை பக்கத்துல பக்கத்துல வெச்சு பாத்தது. வடக்கயும் தெக்கயும் வித்தியாசம் நெய் ஒண்ணுதானா? சாப்பாட்டுல மத்தது, உழைப்பு, பீடி சிகரெட், சுகர், பாரம்பரியம், சாவுக்கு காரணம் எழுதற முறை, எல்லாமே மாறும். அது ஒரு கேள்வியைத்தான் கிளப்பும், பதில் வேணும்னா சீட்டுக் குலுக்கி ஆளைப் பிரிச்சு பண்ற ஆராய்ச்சி வேணும். 1994-ல ஸ்காண்டிநேவியால 4444 இதய நோயாளிகளை வெச்சு பாதிப் பேருக்கு சிம்வாஸ்டாடின், பாதிப் பேருக்கு டம்மி மாத்திரை குடுத்துப் பாத்தாங்க, மருந்து சாப்பிட்டவங்கள்ல சாவு 30 சதவீதம் குறைஞ்சுது. கம்பெனி காசு போட்ட ஆராய்ச்சிதான், மறைக்கல, ஆனா அதுக்கப்புறம் ஏகப்பட்ட ஆராய்ச்சி அதையேதான் சொல்லிருக்கு.

கம்பெனியே சம்பந்தப்படாத ஆதாரமும் இருக்கு, எனக்கு ரொம்பப் புடிச்சது அது. 2006-ல வந்துச்சு. அமெரிக்காவுல கறுப்பின மக்கள்ல சிலருக்கு பி.சி.எஸ்.கே 9-னு ஒரு ஜீன் பிறவிலயே சரியா வேலை செய்யாது. அதனால அவங்க எல்.டி.எல் மத்தவங்களை விட 28 சதவீதம் கம்மி. மாத்திரை கிடையாது, டயட் கிடையாது, பொறந்ததுல இருந்தே அப்படி. அவங்களுக்கு இதய நோய் எவ்ளோ கம்மி தெரியுமா, 88 சதவீதம். அதாவது இன்னைக்கு எல்.டி.எல் எவ்ளோங்கறது மட்டும் இல்ல, எத்தனை வருஷமா எவ்ளோ இருந்துச்சுங்கறதுதான் விஷயம். 39-ல யோசிக்கறது சீக்கிரம் இல்ல கார்த்தி.

நெய் பத்தி: தோசைக்கு ஒரு ஸ்பூன் ஊத்தறதுக்கு யாரும் செத்துப் போகல. தர்ஷினில வெண்ணெய் தோசை, சாயந்தரம் பேக்கரி பப்ஸ், ராத்திரி பிரியாணின்னு ஒரு நாள் பூரா அடுக்கினா அது வேற கணக்கு. பப்ஸ்ல இருக்கற டிரான்ஸ் கொழுப்புதான் எல்லாத்தையும் விட மோசம், 2022 ஜனவரில இருந்து எண்ணெய், வனஸ்பதில அது 2 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாதுன்னு சட்டம், ஆனா ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சற கடைக்காரரை யார் அளக்கறது.

நெய்தோசை_பிரியன்
தேங்காண்ணெய்?

லேப்கோட்_லதா
அதுல 80 சதவீதத்துக்கு மேல நிறைவுற்ற கொழுப்பு. மத்த செடி எண்ணெயோட வெச்சுப் பாத்தா எல்.டி.எல்லை ஏத்துது. தாளிக்க ஊத்துங்க, அவியல்ல ஊத்துங்க, மருந்துன்னு காலைல ஸ்பூன்ல குடிக்காதீங்க.

ஜெயநகர்_ஜானகி
நான் கொஞ்சம் வேற விஷயம் சொல்றேன், ஏன்னா இங்க எல்லாரும் ஆம்பளைங்க கதையே பேசறீங்க. எங்க மாமியாருக்கு 63. பொங்கலுக்கு மறுநாள் கார்த்தால சமையக்கட்டுல நின்னுண்டு இருந்தவா திடீர்னு ஸ்டூல்ல உக்காந்துட்டா. நெஞ்சு வலின்னு சொல்லவே இல்ல. தாடை வலிக்கறது, முதுகுல பாரமா இருக்கு, வாந்தி வர மாதிரி இருக்குன்னா. ஜனவரி குளிர்ல ரவிக்கை முதுகெல்லாம் நனைஞ்சு போச்சு, நான் ஃபேன் போட்டேன். வாயுன்னு அவளே சொல்லிண்டா, முந்தின நாள் வடை சாப்ட்டது ஒத்துக்கலைன்னு. ஓமத் தண்ணி குடுத்தோம், அந்த பிங்க் கலர் சிரப் குடுத்தோம். தெருமுனைல இருக்கற நர்சிங் ஹோமுக்கு கூட்டிண்டு போனா ஒரு ஈசிஜி எடுத்து நார்மல்னு சொல்லி அசிடிட்டி இன்ஜெக்ஷன் போட்டு அனுப்பிட்டா. சாயந்தரம் மூச்சு வாங்க ஆரம்பிச்ச அப்புறம் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், அங்க திரும்ப ஈசிஜி எடுத்து ட்ரோபோனின்னு ரத்த டெஸ்ட் பாத்துட்டு நேரா அடைப்பு எடுக்கற கேத் லேப்புக்குள்ள தள்ளிண்டு போயிட்டா. பொழச்சுட்டா. ஆனா இதயத்தோட பம்பிங் 40 சதவீதம்தான், மாடிப்படி ஏற முடியல. கார்த்தாலயே தெரிஞ்சிருந்தா அந்த தசை செத்திருக்காதுன்னு அப்புறம்தான் சொன்னா.

நைட்ட்யூட்டி_வாசி
ஜானகி மேடம், கஷ்டமா இருக்கு படிக்க. நான் எமர்ஜென்சில வேலை பாக்கற டாக்டர், எந்த ஆஸ்பத்திரின்னு கேக்காதீங்க. நீங்க சொன்னதை வாரா வாரம் பாக்கறோம். பொம்பளைங்களுக்கும், சுகர் இருக்கறவங்களுக்கும், வயசானவங்களுக்கும் நெஞ்சு வலி தெளிவா வராது, மூச்சு வாங்கறது, தாடை, முதுகு, மேல் வயிறு, காரணமே இல்லாம வேர்க்கறது, சொல்லத் தெரியாத அசதி, இப்படி வரும். முதல் ஈசிஜி நார்மலா இருந்தா மாரடைப்பு இல்லைன்னு ஆகவே ஆகாது. சந்தேகம் இருந்தா கொஞ்ச நேரம் விட்டு விட்டு திரும்ப எடுக்கணும், ட்ரோபோனினும் சில மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை பாக்கணும், ஏன்னா தசை சாக ஆரம்பிச்சு அது ரத்தத்துல தெரிய நேரம் ஆகும். ஒரு ஈசிஜிய பாத்துட்டு வீட்டுக்கு அனுப்பினா "இன்னொண்ணு எப்ப எடுப்பீங்க"ன்னு வாய விட்டு கேளுங்க. டாக்டருக்கு கோவம் வந்தா வரட்டும்.

இன்னொண்ணு. நம்ம ஊர் செயின்ட் ஜான்ஸ்ல இருந்து நடத்தின கிரியேட்னு ஒரு ஆராய்ச்சி, 2008-ல லான்செட்னு மருத்துவ இதழ்ல வந்துச்சு, இந்தியா முழுக்க 20 ஆயிரத்துக்கு மேல மாரடைப்பு, நெஞ்சு வலி நோயாளிங்க. வலி ஆரம்பிச்சு ஆஸ்பத்திரி வந்து சேர ஆன நேரம் நடுவாந்திரமா 360 நிமிஷம். ஆறு மணி நேரம். ஆம்புலன்ஸ்ல வந்தவங்க நூத்துக்கு ஆறு பேர் கூட இல்ல, மத்தவங்க எல்லாம் ஆட்டோ, கார், பைக். ஏழைங்கள்ல இறந்தவங்க அதிகம், காரணம் அவங்க உடம்பு இல்ல, கிடைச்ச வைத்தியம். வந்த அப்புறம் நாங்க எவ்ளோ வேகமா ஓடினாலும் அந்த ஆறு மணி நேரத்தை திருப்ப முடியாது. முழுசா அடைச்ச அட்டாக்ல வாசலுக்குள்ள வந்து 90 நிமிஷத்துல பலூன் போட்டு அடைப்பை திறக்கணும்னு எங்களுக்கு கெடு, வாசலுக்கு வெளிய யாருக்கும் கெடு இல்ல.

அதனால கொலஸ்ட்ரால் சண்டை ஒரு பக்கம் நடக்கட்டும், இன்னைக்கே ஒரு வேலை பண்ணுங்க, உங்க வீட்ல இருந்து 24 மணி நேரமும் கேத் லேப் ஓடற ஆஸ்பத்திரி எது கிட்டன்னு தெரிஞ்சு வெச்சுக்கோங்க. போர்டுல "ஹார்ட் கேர்"னு இருந்தா மட்டும் பத்தாது, ராத்திரி ரெண்டு மணிக்கு டீம் வருமான்னு போன் போட்டு கேளுங்க. 108-க்கு கூப்பிடுங்க, வலியோட நீங்களே வண்டி ஓட்டாதீங்க. ஊர்ப் பக்கம் சொந்தக்காரங்க இருந்தா, கர்நாடகாவுல புனித் ராஜ்குமார் பேர்ல ஹிருதய ஜோதின்னு அரசு திட்டம் இருக்கு, தாலுகா ஆஸ்பத்திரில ஈசிஜி எடுத்து பெரிய சென்டருக்கு அனுப்பி, தேவைன்னா டெனெக்டிபிளேஸ்னு கட்டி கரைக்கற ஊசியை இலவசமா அங்கயே போட்டுடுவாங்க. விலை ஜாஸ்தியான ஊசி அது. நாப்பது கிலோமீட்டர் வண்டில வந்து போட்டுக்கறத விட அங்க போட்டுட்டு வர்றது எவ்வளவோ மேல்.

தேவநாதன்77
வாட்ஸ்அப்ல ஒரு கிட் சுத்துதே, டிஸ்பிரின், கொலஸ்ட்ரால் மாத்திரை, நாக்கு அடில வெக்கற சார்பிட்ரேட், மூணையும் பர்ஸ்ல வெச்சுக்கச் சொல்லி. வெச்சுக்கலாமா? எங்க மாமா எதுக்கும் இருக்கட்டும்னு தினம் ஒரு ஆஸ்பிரின் வேற போட்டுக்கறார், அவருக்கு ஹார்ட் பிரச்சனை எதுவும் இல்ல.

நைட்ட்யூட்டி_வாசி
மாரடைப்பு மாதிரி இருக்கும்போது 300 மி.கி ஆஸ்பிரின் மென்னு முழுங்கறது நல்லது, அலர்ஜியோ அல்சர் ரத்தக்கசிவோ இல்லைன்னா. முழுங்கிட்டு உக்காந்துடக் கூடாது, கிளம்பணும். சார்பிட்ரேட்டை டாக்டர் சொல்லாம போடாதீங்க, பிபி தடாலடியா இறங்கும், சிலருக்கு மயக்கம், சிலருக்கு அதை விட மோசம், ஆண்மைக்குன்னு மாத்திரை போட்டிருக்கறவங்க தொடவே கூடாது. மாமா விஷயத்தை லதா மேடம் சொல்லட்டும், அவங்க ஆராய்ச்சிக் கதை நல்லா சொல்றாங்க.

லேப்கோட்_லதா
:) ஆஸ்பிரினுக்கு பேர் வந்தது 1988-ல, ஐசிஸ் 2-னு ஒரு ஆராய்ச்சி, மாரடைப்போட வந்த 17,187 பேர். ஒரு மாசம் ஆஸ்பிரின் சாப்பிட்டவங்கள்ல சாவு 23 சதவீதம் குறைஞ்சுது, சில்லறைக் காசு மாத்திரைக்கு. அதைப் பாத்துட்டு ஒண்ணும் இல்லாதவங்களும் தினம் போட ஆரம்பிச்சாங்க. 2018-ல ஒண்ணுக்கு மூணு பெரிய ஆராய்ச்சி வந்துச்சு, இதய நோய் இல்லாதவங்களுக்கு தினசரி ஆஸ்பிரின்ல கிடைக்கற லாபத்தை ரத்தக்கசிவு சாப்பிட்டுடுதுன்னு. மாமாவை டாக்டரைப் பாத்து நிறுத்தச் சொல்லுங்க. ஸ்டென்ட் வெச்சவங்க இதைப் படிச்சுட்டு நிறுத்திடாதீங்க, அது உயிருக்கே ஆபத்து.

ஐசிஸ் 2-ல ஒரு வேடிக்கை உண்டு. ஆண், பெண், வயசுன்னு கூறு கூறா பிரிச்சு ரிசல்ட் போடச் சொல்லி ஆராய்ச்சிய வெளியிட்ட மருத்துவ இதழ்க்காரங்க கேட்டாங்களாம், சரின்னு இவங்க ராசி வாரியாவும் பிரிச்சுப் போட்டாங்க. மிதுனம், துலாம்காரங்களுக்கு ஆஸ்பிரின் வேலையே செய்யல! ஆளை சின்னச் சின்னக் கூட்டமாப் பிரிச்சா கண்டதும் தெரியும், நம்பாதீங்கன்னு காட்டத்தான் அப்படி செஞ்சாங்க.

சில்க்போர்டு_சிவா
நான் துலாம். இதுலயுமாடா.

பழனி_பீன்யா
எல்லாம் சரி, உண்மையை யாராவது சொல்லுங்க, இத்தனை சின்னப் பசங்க சாகறது கோவிட் ஊசியாலதான். ஹாசன்ல வரிசையா செத்தாங்களே.

நைட்ட்யூட்டி_வாசி
2025-ல ஹாசன் செய்தி வந்ததும் பெங்களூர் ஜெயதேவா இதய ஆஸ்பத்திரி வாசல்ல நின்ன கூட்டத்தை பாத்தவன் நான். அரசாங்கம் ஜெயதேவா இயக்குனர் தலைமையில குழு போட்டுச்சு, ஊசிக்கும் அந்த சாவுகளுக்கும் தொடர்பு இல்லைன்னு அறிக்கை குடுத்தாங்க. புகை, பிபி, சுகர், குடும்ப வரலாறு, இதுதான் திரும்பத் திரும்ப வருது. நம்ம ஆளுங்களுக்கு சீக்கிரம் வர்றது ஊசி வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்ச சங்கதி. 52 நாட்டுல பண்ணின இன்டர்ஹார்ட் ஆராய்ச்சில தெற்காசியாக்காரங்களுக்கு முதல் அட்டாக் வர்ற வயசு சராசரியா 53, மத்தவங்களுக்கு 59 கிட்ட. அது 2007-ல வந்த கட்டுரை.

மாடரேட்டர்
ஊசி பேச்சு இதோட போதும், அதுக்கு தனி இழை இருக்கு. கார்த்தியோட கேள்விக்கு வாங்க.

கார்த்தி_மாரத்தஹள்ளி
நன்றி எல்லாருக்கும். சரி நான் இப்ப என்ன டெஸ்ட் எடுக்கறது? செக்கப் சென்டர்ல இருந்து சிடி கால்சியம் ஸ்கோர் (இதயக் குழாய்ல படிஞ்ச கால்சியத்தை அளக்கற ஸ்கேன்) எடுங்க, ஆபர் இருக்குன்னு தினம் மெசேஜ். ஸ்டாடினால தசை வலி வரும்னு ஒய்ஃபோட அண்ணன் வேற சொல்லிட்டார்.

லேப்கோட்_லதா
கால்சியம் ஸ்கோர் கெட்டது இல்ல, ஆனா 39 வயசுல பூஜ்யம் வந்தா சந்தோஷப்பட்டுடாதீங்க, இளசா இருக்கற கொழுப்புத் திட்டுல கால்சியம் ஏறியிருக்காது, ஸ்கேன்ல தெரியாது. அதுக்கு முன்னாடி லிப்போபுரோட்டீன் ஏ-ன்னு ரத்தத்துல இருக்கற இன்னொரு கொழுப்புக்கு ஒரு டெஸ்ட் எடுங்க, எல்.பி.ஏ-ன்னு சொல்வாங்க. பாரம்பரியமா வர்றது, சாப்பாட்டாலயும் வாக்கிங்காலயும் மாறாது, நம்ம ஆளுங்கள்ல நிறைய பேருக்கு ஜாஸ்தி, பெரும்பாலும் வாழ்க்கைல ஒரு தடவை எடுத்தா போதும். 50 மி.கி-க்கு மேல இருந்தா ரிஸ்க் ஏறுது. இந்திய இதயநோய் மருத்துவர் சங்கம் 2024-ல குடுத்த வழிகாட்டில எல்லாரும் ஒரு தடவையாவது இதை பாக்கச் சொல்லிருக்காங்க. அதுலயே எல்.டி.எல் சாதாரண ஆளுங்களுக்கு 100-க்கு கீழ, ரிஸ்க் ஏற ஏற 70, ஏற்கனவே அட்டாக் வந்தவங்களுக்கு 55-க்கும் கீழன்னு போட்டிருக்கு. 148 எதுலயும் அடங்கல.

தசை வலி சிலருக்கு நிஜமா வரும், மறுக்கல. ஆனா சாம்சன்னு லண்டன்ல ஒரு அழகான ஆராய்ச்சி, வலியால ஸ்டாடினை விட்ட 60 பேரைக் கூப்பிட்டு சில மாசம் ஸ்டாடின், சில மாசம் டம்மி, சில மாசம் ஒண்ணுமே இல்லன்னு மாத்தி மாத்தி குடுத்தாங்க, மாத்திரை மாசத்துல அது ஸ்டாடினா டம்மியான்னு சொல்லல. ஸ்டாடின்ல வந்த தொந்தரவுல 90 சதவீதம் டம்மிலயும் வந்துச்சு. அதை அவங்களுக்கே காட்டின அப்புறம் பாதிப் பேர் திரும்ப ஆரம்பிச்சுட்டாங்க. சுகர் கொஞ்சம் ஏறலாம், உங்களுக்கு 108 இருக்கறதால எச்.பி.ஏ1சி (மூணு மாச சராசரி சுகர்) பாத்துக்கோங்க. "விட முடியாது"ன்னு ஒய்ஃப் சொல்றது பழக்கத்துக்கு அடிமை ஆயிடற மாதிரி இல்ல, நிறுத்தினா எல்.டி.எல் பழைய இடத்துக்கு போகும், வேற ஒண்ணும் ஆகாது.

அல்சூர்_அண்ணாச்சி
அப்ப நடக்கறது வேஸ்டா?

லேப்கோட்_லதா
ஐயோ இல்ல அண்ணாச்சி. வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமா நடந்தா பிபி, சுகர், இடுப்பு, தூக்கம் எல்லாத்துக்கும் நல்லது. நம்ம ஆம்பளைங்களுக்கு இடுப்பு 90 செ.மீ-க்குள்ள, பொம்பளைங்களுக்கு 80. எல்.டி.எல்லை மட்டும் நடை பெருசா இறக்காது. நீங்க ஒரு தடவை பிபி பாத்துக்கோங்க, மாத்திரை இல்லைங்கறது டெஸ்ட்டே எடுக்காததாலயான்னு எனக்கு சந்தேகம்.

அல்சூர்_அண்ணாச்சி
கண்டுபிடிச்சிட்டியேம்மா.

கார்த்தி_மாரத்தஹள்ளி
அப்டேட். எல்.பி.ஏ 92 மி.கி. டாக்டர் ரோசுவாஸ்டாடின் 10 எழுதிக் குடுத்திருக்கார், ஆறு வாரம் கழிச்சு திரும்ப டெஸ்ட். தம்பியையும் டெஸ்ட் எடுக்கச் சொன்னார். ஒய்ஃப் அரை மனசா சரின்னுட்டா, ஆனா நெய் டப்பா எங்க இருக்குன்னு இப்போ எனக்கு தெரியல.

கேஆர்புரம்_கீதா
லேட்டா வந்ததுக்கு சாரி, ஒரு டவுட். கடைல லோ சோடியம் உப்புன்னு விக்கறாங்களே, அதை வாங்கலாமா? எங்க மாமனாருக்கு பிபி, டெல்மிசார்டன் சாப்பிடறார்.

நைட்ட்யூட்டி_வாசி
அந்த உப்புல கொஞ்ச சோடியத்துக்கு பதிலா பொட்டாசியம் இருக்கும். சீனாவுல 600 கிராமத்துல 20,995 பேரை வெச்சு பாத்தாங்க, 2021-ல வந்துச்சு, பக்கவாதம் 14 சதவீதம் கம்மி. நல்ல பொருள்தான். ஆனா கிட்னி சரியில்லாதவங்களுக்கு பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறும், டெல்மிசார்டனும் பொட்டாசியத்தை ஏத்தற ரகம். கிட்னி டெஸ்ட்ல க்ரியாட்டினின் எவ்ளோ?

கேஆர்புரம்_கீதா
போன மாச ரிப்போர்ட்ல 1.7 போட்டிருக்கு.

நைட்ட்யூட்டி_வாசி
அப்ப அவருக்கு வேணாம், வீட்ல ஒரே ஜாடின்னா வாங்கவே வாங்காதீங்க. சாதா உப்பையே குறைங்க, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேத்து 5 கிராமுக்குள்ள, ஊறுகாயும் அப்பளமும் அதுலயே அடக்கம். அந்த ரிப்போர்ட்டை பிபி பாக்கற டாக்டர்கிட்ட காட்டிட்டீங்களா?

கேஆர்புரம்_கீதா
இல்ல சார், பைல்லயே இருக்கு. நாளைக்கே கூட்டிட்டு போறேன்.